கூரைக்காக ஒரு சாட்சி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் இங்கே நலம். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன்னை ஞாபகப்படுத்துகிறது. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதம் போட்டால்தான் நாலு வரி வருகிறது. அதனால் கடிதம்.

ஓர் உதவி வேண்டும். நம் சபை நடத்தும் வீடற்றோர் இல்லத்தின் நிலைமை மோசம். ஆண்கள் கூடத்தின் தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மழை வந்தால் சுவரோரக் கட்டில்களை எல்லாம் நடுவுக்கு இழுத்துப் போடுவோம். இப்போது நடுவிலும் ஒழுகுகிறது. பெண்கள் பக்கத்தில் ஒரே கழிப்பறை, அதன் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். வார்டன் என்று பெயர்தான், எனக்கே அங்கே போக வெட்கமாக இருக்கிறது.

புதுக் கட்டடத்துக்காக ஒரு நன்கொடை ஆராதனை வைக்கிறோம். இல்லத்தில் இருக்கும் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்கிறார் போதகர். "சாட்சி இல்லாம காணிக்கைப் பை நிறையாதும்மா" என்பது அவர் அனுபவம்.

எங்கள் டிரைவர் ஐயா பேச ஒத்துக்கொண்டார். பஸ் ஓட்டியவர். பார்வை மங்கி வேலை போனது. மனைவிக்குச் சிறுநீரக நோய், வைத்தியத்துக்கு வீட்டை விற்றார், மனைவியும் போய்விட்டார். மகள் நர்ஸ், இப்போதைக்கு விடுதியில் இருக்கிறாள். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அப்பாவைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். கனமான குரல், ஆனால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதித் தந்தால் போதும்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை

&nbsp;

ஜனவரி 20

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. உன் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

உன் சபையின் பள்ளிக்கூடத்தில் என் இளமை முழுவதையும் இலக்கணம் நடத்திக் கழித்தேன். தலைமையாசிரியர் நாற்காலி காலியானபோது கமிட்டிக்குக் கர்த்தர் உணர்த்திய பெயர் அன்றைய போதகரின் மருமகன் பெயர். அவனுடைய மதிப்பெண் பட்டியலைக் கர்த்தருக்கு யாரும் காட்டவில்லை போலிருக்கிறது. போதகர் மாறிவிட்டார், கமிட்டி அப்படியே இருக்கிறது. அவர்களுக்கு நான் எழுதித் தர வேண்டுமாம்.

ஆனாலும் தருகிறேன், நீ கேட்டதால். தலைவலித் தைலத்துக்கும் சத்து மாவுக்கும் விளம்பரம் எழுதிப் பிழைக்கிறவன் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் டிரைவர் விற்பனைக்கு ஆக மாட்டார். நோயாளி மனைவிக்காக வீட்டை விற்ற நல்ல மனிதருக்கு ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள், பர்ஸைத் திறக்க மாட்டார்கள். கெட்டவன் திருந்தினால்தான் பர்ஸ் திறக்கும். அதனால் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். மாற்றாமல் சொல்லச் சொல்.

"பஸ்ஸுல வந்தவங்களுக்கெல்லாம் நான் தங்கமான டிரைவர். வீட்டுக்குள்ள வந்தா குடிகாரன். சட்டையில பொத்தான் இல்லைன்னு பெண்டாட்டியை அடிப்பேன். தைச்சு வெச்சிருந்தா, நூல் ஏன் வேற கலர்னு அடிப்பேன். அடிச்ச கையைக் கழுவிட்டு வந்து குடும்ப ஜெபத்துக்கு உக்காருவேன். பாட்டை அவதான் எடுக்கணும். குரல் நடுங்கிச்சுன்னா நிறுத்துன்னு சொல்லுவேன். மறுபடி முதல் அடியிலேருந்து. நடுங்காம வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

மீதி தனித்தாளில் இருக்கிறது. கடைசியில் அவர் திருந்துகிறார். அந்தப் பகுதியை எழுதத்தான் கஷ்டப்பட்டேன்.

அண்ணன்

&nbsp;

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. நீங்கள் எழுதியது கிடைத்தது, படித்தேன். அன்றைக்கு அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. அடுக்கி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

டிரைவர் ஐயா முதலில் தயங்கினார். "நான் ஒரு சொட்டு தொட்டதில்லையேம்மா. தொட்டிருந்தா லைசென்ஸ் அன்னைக்கே போயிருக்கும்."

"சாட்சின்னா கொஞ்சம் அழுத்தமா இருக்கறது வழக்கந்தான்" என்றார் போதகர்.

"கூரைக்குன்னா சரிங்கய்யா. இந்தப் பக்கம் என்னை யாருக்குத் தெரியப் போவுது?"

எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாததால் நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன், அவர் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார்.

ஆராதனையில் சனம் அழுதது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தேம்பல் கேட்டது, யார் என்று பார்க்க எல்லோரும் திரும்பினார்கள். காணிக்கைப் பையை இரண்டாம் முறை சுற்றிவிட வேண்டியதாயிற்று. மற்ற ஊர்ச் சபைகளும் அவரைக் கூப்பிடுகின்றன.

வெயிலில் வெளியே போகாதீர்கள்.

தங்கை

&nbsp;

மார்ச் 14

பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அரிசி மூட்டை பற்றி மிக விவரமாக எழுதியிருக்கிறாய்.

வரி வரியாக வாசித்துக் காட்டியது நீதானே? வாசிக்கும்போது எந்த இடத்திலாவது உனக்கு நா தடுக்கவில்லையா? சும்மா கேட்கிறேன். எழுதுகிறவனுக்கு எந்த வரி எங்கே தைக்கிறது என்று தெரிந்தால் தொழிலுக்கு நல்லது.

முழங்காலுக்குச் சூடு வைத்துப் பார்.

அண்ணன்

&nbsp;

மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் நடத்துகிறார். முழங்கால் பரவாயில்லை.

பழைய தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். சுவரை உயர்த்திக் கான்கிரீட் கூரை போடப் போகிறோம். பெண்களுக்குத் தனியாக மூன்று கழிப்பறைகள், தாழ்ப்பாளோடு. மேஸ்திரி தாழ்ப்பாள் வாங்கி வந்த அன்று எங்கள் பெண்கள் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

டிரைவர் ஐயா ஆளே மாறிவிட்டார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவிய தலை. ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று அவர் கையைக் குலுக்குகிறார்கள். இப்போது சொந்தச் சரக்கும் சேர்க்கிறார். போன வாரம் வண்டியையே அடகு வைத்துக் குடித்ததாகச் சொல்லிவிட்டார். "ஐயா, அது அரசாங்க பஸ்" என்றேன். "அட, ஆமா. அடுத்த தடவை மோதிரம்னு மாத்திக்கறேன்" என்றார். சிரித்துவிட்டேன்.

மகள் இருக்கும் ஊர்ச் சபைக்கும் தன்னைக் கூட்டிப் போகச் சொல்லிப் போதகரை நச்சரிக்கிறார். "கையைப் பிடிச்சு ரோடு தாண்டி விடற கிழவனாத்தான் அவ என்னைப் பாத்திருக்கா. மைக் முன்னாடி ஒரு தடவை பாக்கட்டும்மா."

இன்னொரு செய்தி. புதுக் கட்டடத்துக்கு அப்பா பெயரை வைப்பதென்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. இல்லம் தொடங்கியபோது அவர்தான் பொருளாளர் என்பதால். வாசலில் கல் பதிப்பார்களாம். நன்றி என்று சொன்னேன்.

தங்கை

&nbsp;

மே 22

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு உடம்பு நன்றாகவே இருக்கும்.

நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. நானே சொல்கிறேன். அந்தச் சாட்சி அப்பாவுடையது. பொத்தான், நூல், கழுவிய கை, முதல் அடியிலிருந்து பாட்டு, எல்லாம் நம் வீட்டு முன்னறையில் நடந்தது. நான் சேர்த்தது குடியை மட்டும். அப்பா குடித்ததே இல்லை, அதுதான் சிக்கல். குடிக்காதவன் அடித்தான் என்றால் சபைக்குப் புரியாது.

யாருடைய ஜெபத்துக்கு 'ஆமென்' சொன்னார்களோ, அவர் செய்ததைக் கேட்டு அவர்கள் அழ வேண்டும், யார் என்று தெரியாமலே அழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அழுதார்கள். தைலத்துக்குக்கூட நான் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. இப்போது அந்தக் காசில் அவருக்கே கல் வைக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் கமிட்டி என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எப்படி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறாய்? உன்னால் முடியும். அந்த ஜெபத்தில் அப்பா மடியில் உட்கார்ந்து, அம்மாவின் குரலுக்கு மேல் தொண்டை கிழியப் பாடிக் காட்டியவள் நீ. நான் மறக்கவில்லை.

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 2

அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன்.

டிரைவர் ஐயா மகள் ஊருக்குப் போனார். மகள் முன்வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாளாம். அவர் சொல்ல ஆரம்பித்தார். பாட்டு வருகிற இடத்தில் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். மங்கிய பார்வையில் அவருக்கு அது தெரியவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக் கடைசிவரை சொல்லி முடித்திருக்கிறார்.

வாசலில் வைத்துக் கேட்டாளாம்: "அம்மாவை அடிச்சியா? நான் ஹாஸ்டல்ல இருந்தப்பவா?" இவர் சிரித்தாராம். "அடப் போடி, அது சாட்சி. கூரைக்குச் சொல்றது. உனக்குத் தெரியாதா?" அவள் ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் படித்தவள். அவளுக்கு எப்படித் தெரியும்? "இல்லாததையா இப்படி அழுது அழுது சொன்னே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. அப்பாவைக் கூட்டிப் போக மாட்டேன் என்று எனக்குத் தகவல் அனுப்பினாள்.

அவர் சாட்சி சொல்வதை நிறுத்திவிட்டார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நேற்று ஒன்றுதான் சொன்னார். "உயிரோட இருந்தப்ப அவ மேல ஒரு அடி விழுந்ததில்லைம்மா. செத்த பிறகு ஊர் ஊராக் கூட்டிட்டுப் போய் நானே அடிபட வெச்சுட்டேன்."

அண்ணா, படித்த முதல் வரியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கூரை வேண்டியிருந்தது. இன்னொருவர் வாயில் வந்தால் அது நம் வீட்டை விட்டுப் போய்விடும் என்றும் நினைத்தேன்.

நான் தொண்டை கிழியப் பாடியது அப்பாவுக்காக இல்லை. என் சத்தத்தில் அம்மாவின் நடுக்கம் அவருக்குக் கேட்காது என்று நினைத்தேன். சில நாள் கேட்காமலும் இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே இத்தனை வருஷம் எண்ணியிருந்தேன்.

நான் சொன்னதை அந்தப் பெண் நம்பவில்லை. இல்லத்தைக் காப்பாற்ற நான் பேசுவதாகச் சொல்கிறாள். எழுதியவர் நீங்கள். அவளுக்கு எழுதுங்கள். முடிந்தால் இங்கே வந்து சபையிலும் சொல்லுங்கள்.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 30

பாப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அலுவலகத்தில் வேலை அதிகம், புதுச் சோப்பு ஒன்று வருகிறது. முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி விஷயத்தில் அவசரப்பட்டால் சிக்கல்தான் கூடும்.

நீ பாடியதைப் பற்றி எழுதியிருந்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

&nbsp;

செப்டம்பர் 12

அண்ணா,

கூரை போட்டாகிவிட்டது. பூச்சு வேலை நடக்கிறது. டிரைவர் ஐயா ஒருவேளைதான் சாப்பிடுகிறார்.

மகளின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முதுகு தேறியதும் எழுதுங்கள்.

தங்கை

&nbsp;

செப்டம்பர் 25

மகளுக்கு,

நீ என்னை அறியமாட்டாய். நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. உன் அப்பா இருக்கும் இல்லத்து வார்டனின் அண்ணன் நான். உன் அப்பா சபைகளில் சொன்ன சாட்சியை எழுதியவன்.

அதில் அவரைப் பற்றி ஒரு வரிகூட உண்மையில்லை. அவரை நான் பார்த்ததே கிடையாது. அதில் வரும் மனிதர் என் அப்பா. அடிபட்டது என் அம்மா. நல்ல மனிதனுக்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்று என் தங்கைக்குக் காரணம் சொன்னேன். உண்மையான காரணம், சபை மேலும் என் அப்பா மேலும் எனக்கிருந்த கோபம். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வாய் தேவைப்பட்டது. கண் தெரியாத ஒருவர் கிடைத்தார். அவர் கூரைக்காகச் சொன்னார்.

நன்றாக எழுதத் தெரிந்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. நீ நம்பும்படி எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் நீ நம்பும்படி எழுத வேண்டும் என்று ஐந்து தாளைக் கிழித்தேன். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதுவும் எழுத்துத்தானே என்று நீ நினைக்கலாம்.

மன்னித்துவிடு.

இப்படிக்கு,
எழுதியவன்

&nbsp;

அக்டோபர் 19

ஐயா,

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

நம்புகிறேன். அப்பா குடிக்கவில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் அன்று அதைக் கேட்டபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாவற்றையும் நம்பிவிட்டேன். என் அம்மாவின் முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. அடுப்பில் பட்டது என்பாள். அங்கே உட்கார்ந்திருந்தபோதே அந்தத் தழும்பை அப்பாவின் கணக்கில் எழுதிவிட்டேன். என்னைக் கையில் தூக்கி வளர்த்தவரைப் பற்றி இவ்வளவு சுலபமாக. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் இப்போது என் கவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்துக்குப் பிறகும் அந்தத் தழும்பு பழையபடி ஆகவில்லை. அடுப்புத்தானா என்று கேட்க அம்மாவும் இல்லை. அப்பாவிடம் கேட்கவே முடியாது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுக் கட்டடத் திறப்பு அன்று அப்பாவை அழைத்துப்போக வருகிறேன். இது உங்களுக்காக இல்லை.

மகள் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம்.

&nbsp;

நவம்பர் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? திறப்பு விழாவில் மேடைப் படியில் சிரமப்பட்டு ஏறினாய்.

ஆமாம், வந்திருந்தேன்.

உன் அழைப்பிதழின் ஓரத்தில் "நான் சொல்லப் போகிறேன், நீங்களும் கூட நின்றால் நல்லது" என்று எழுதியிருந்தாயே, நிற்பதாகத்தான் கிளம்பினேன். ராத்திரி பஸ்ஸில் தூக்கம் இல்லை. சவரம் செய்யவில்லை, சட்டை கசங்கிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு உள்ளே வரலாம் என்று தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றேன். கழுவினேன். அதற்குப் பிறகும் அங்கேயே நின்றேன்.

ஒலிபெருக்கியில் நீ பேசியது முழுவதும் கேட்டது. "அந்தச் சாட்சி டிரைவர் ஐயாவோடது இல்லை. எங்க வீட்டுல நடந்தது. அடிச்சது எங்க அப்பா, அவர் குடிச்சதே இல்லை. எழுதினது என் அண்ணன், சொல்லிக் கொடுத்தது நான். அப்பா பேருல கல்லு வேண்டாம்." உன் குரல் சாதாரணமாக இருந்தது, கடையில் சாமான் சொல்கிற மாதிரி. போதகர் உன்னிடம், "இதை இப்பச் சொல்லணுமாம்மா?" என்றதும் மைக்கில் விழுந்தது. ஒரு குடும்பம் எழுந்து என்னைத் தாண்டித்தான் காருக்குப் போயிற்று. "அண்ணன் வந்திருக்காரா? அவரும் இதைச் சொல்லுவாரா?" என்று கமிட்டிச் செயலாளர் கேட்டார். என் நாற்காலியைப் பறித்த அதே குரல். அவன் முகத்துக்கு நேராகப் போய் நிற்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? வாசலைப் பார்த்தாய் என்று நினைக்கிறேன். பிறகு "வரலைங்க" என்றாய்.

இருபது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. அவர்களைக் கண்டு பயமில்லை. உனக்குப் பக்கத்தில் நிற்க வெட்கமாக இருந்தது. எனக்குக் கோபம் இருந்தது, அதை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையாக நீ செய்ததில் பாதிகூட அந்த முன்னறையில் நான் செய்யவில்லை. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தேன். அவ்வளவுதான்.

அப்போது கோலைத் தட்டிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை. யாரென்று தெரிந்துகொண்டேன்.

"யாருங்க அது, லாரிகிட்ட?"

"சும்மா நிக்கிறேன்."

என் பக்கம் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பையோட நிக்கிறீங்க. ராத்தங்க இடமில்லையா?"

பையை மறு கைக்கு மாற்றினேன்.

"வெக்கப்படாதீங்க. வந்த அன்னைக்கு நானும் இப்படித்தான் வெளியவே நின்னேன். உள்ள போங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் இன்னைக்கு மக கூடக் கிளம்பறேன். ஜன்னலோரம் என் கட்டில் காலிதான். வார்டனம்மாகிட்ட டிரைவர் சொன்னாருன்னு சொல்லுங்க, கொடுத்துடுவாங்க. கொஞ்சம் கோவக்காரங்க, ஆனா மனசுல வெச்சுக்க மாட்டாங்க."

மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. தன் பையிலிருந்து ரொட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். "நன்றிம்மா" என்றேன். ரோட்டைத் தாண்டும்போது அவர் எதற்கோ சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. ஆனால் கையை விடவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ரொட்டி வாங்கியது நான்தான் என்று அந்த இருவருக்கும் தெரிய வேண்டாம் என்று முதலில் இந்த இடத்தில் எழுதினேன். மேலே கோடு போட்டு அடித்திருப்பது அந்த வரிதான். அவர்களிடம் சொல்லிவிடு. செயலாளரிடமும் சொல், வந்து லாரிக்குப் பின்னால் நின்றான் என்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். சபையார் அதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்க, நான் உள்ளே நடந்து வர வேண்டும்.

அண்ணன்